இங்கிலாந்து வொர்க்ஹவுஸ் பதிவேடுகள்: தேடுவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தார் இங்கிலாந்தில் தங்கள் பூர்வீகத்தைத் தேடுவது குறித்து ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, ஞானஸ்நான ஏடுகளையும் ராணுவ ஏடுகளையும் நன்றாகவே விளக்கியது. ஆனால், சிப்பாயாகக் கப்பலேறியவரின் பெற்றோர் அங்கே என்ன ஆனார்கள் என்பதைத் தொடவில்லை. கூலி வேலை பார்த்த குடும்பமென்றால், முதுமையில் அவர்கள் வொர்க்ஹவுஸுக்குப் போயிருக்க வாய்ப்பு அதிகம். 1834ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் பல ஊர்களை ஒரு யூனியனாகச் சேர்த்து நடத்திய ஏழையர் விடுதி அது. அந்தப் பெயரைக் கண்டதுமே பலர் தேடலை மூட்டை கட்டிவிடுகிறார்கள். கூலிக்காரர் ஒருவரைப் பற்றி வேறெங்கும் கிடைக்காத விவரம் அங்கேதான் கிடைக்கும்.

இறப்பிலிருந்து தொடங்குங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1837 ஜூலை முதல் அரசுப் பதிவு உண்டு. தலைமைப் பதிவாளர் அலுவலகத்தின் இணைய அட்டவணையில் ஆரம்ப ஆண்டுகளுக்கே இறந்தவரின் வயது இருக்கிறது. பிற தளங்களில் உள்ள பழைய அட்டவணையில் 1866 முதல்தான் வயது வரும். பதிவு மாவட்டமும் யூனியனும் பெரும்பாலும் ஒரே எல்லை கொண்டவை. மாவட்டத்தின் பெயரே எந்த வொர்க்ஹவுஸ் என்று காட்டிவிடும்.

சான்றிதழில் 'வொர்க்ஹவுஸ்' என்றே எழுதியிருக்கும் என்று நம்ப வேண்டாம். அங்கே பிறந்த குழந்தைக்குக் களங்கம் வரக்கூடாதென்று 1904 முதல் வெறும் தெரு முகவரி போடச் சொன்னார்கள். லிவர்பூலில் அது '144ஏ, பிரௌன்லோ ஹில்'. பிற்பாடு இறப்புகளுக்கும் இந்த வழக்கம் வந்தது. முகவரியை அக்கால வரைபடத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. தகவல் தந்தவர் விடுதி மாஸ்டர் என்றால் வயதையும் தொழிலையும் அப்படியே நம்பாதீர்கள். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அடுத்தது விடுதியின் ஏடுகள். இவை பெரும்பாலும் அந்தந்தக் கவுண்டி ஆவணக் காப்பகத்தில் இருக்கும். சேர்க்கை, விடுவிப்பு ஏடு நாள்வாரியாக ஓடும்: பெயர், தொழில், மதம், பிறந்த ஆண்டு, எந்த ஊரிலிருந்து வந்தார், யார் உத்தரவில், என்ன காரணத்தால். சேர்ந்தபின் அவருக்கு முதலில் கிடைக்க வேண்டிய வேளைச் சாப்பாடு எது என்பதற்கும் ஒரு கட்டம் உண்டு. கணக்கில் அவ்வளவு கறார்! நாள் தெரியாமல் இந்த ஏட்டில் இறங்கினால் கண் பூத்துவிடும். அதனால் முதலில் மதப் பதிவேட்டைக் கேளுங்கள். 1860களின் இறுதியில் கட்டாயமாக்கப்பட்ட அந்த ஏடு குடும்பப் பெயரின் முதல் எழுத்துப்படி அமைந்தது. ஒரே ஏட்டில் பல ஆண்டுகள் அடங்கும். அதில் தேதியைப் பிடித்துக்கொண்டு சேர்க்கை ஏட்டுக்குப் போனால் வேலை பாதியாகும். யூனியனை நிர்வகித்த கார்டியன் குழுவின் கூட்டக் குறிப்புகளில் சாமானியர் பெயர் அபூர்வம்; அதைக் கடைசியில் பார்த்தால் போதும்.

மக்கள்தொகைக் கணக்கில் விடுதிவாசிகள் தனிப் பட்டியலாக வருவார்கள். சில இடங்களில் முதலெழுத்துகள் மட்டுமே இருக்கும். அப்போது வயதையும் பிறந்த ஊரையும் வைத்துத்தான் ஆளைப் பிடிக்க வேண்டும்.

அடக்கம்தான் பலரைக் குழப்புவது. உறவினர் உடலைக் கேட்காவிட்டால் யூனியன் செலவில் பொதுக்குழியில் புதைப்பார்கள், கல் கிடையாது. 1832ஆம் ஆண்டின் உடற்கூறுச் சட்டப்படி, கேட்பாரற்ற உடல் மருத்துவப் பள்ளிக்கும் போகலாம். அப்படிப் போனால் அடக்கம் வாரங்கள் கழித்து, வேறு ஊர்க் கல்லறையில் நடந்திருக்கும். இறப்பு இருந்து அடக்கம் மட்டும் அகப்படவில்லை என்றால், அந்தப் பள்ளி இருந்த நகரத்தின் கல்லறை ஏடுகளையும் பாருங்கள்.

வொர்க்ஹவுஸில் இறந்தவரைப் பிள்ளைகள் கைவிட்டார்கள் என்று எழுதிவிடுவது அவசரம். ஏழைகளுக்கு அதன் நோயாளர் பிரிவுதான் ஆஸ்பத்திரி. சாகும் தறுவாயில் நாலு நாள் மட்டும் அங்கே கிடந்தவர்கள் ஏராளம். சேர்ந்த தேதியையும் இறந்த தேதியையும் அருகருகே வைத்துப் பார்த்தபின் முடிவுக்கு வாருங்கள்.

பல யூனியன்களின் ஏடுகள் அழிந்துவிட்டன. இருப்பவற்றிலும் நூறாண்டு ஆகாதவற்றைக் காட்ட மறுக்கலாம். பயணச்சீட்டு எடுப்பதற்கு முன், எந்த ஏடு எந்த ஆண்டுகளுக்கு மிஞ்சியிருக்கிறது என்று காப்பகத்துக்கு மின்னஞ்சலில் கேட்டுக்கொள்ளவும்.

வாசகர்,
பெரம்பூர், சென்னை