செல்துண்டு இருக்கிறதா என்றும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

இதயத்துக்கே இரத்தம் கொடுக்கும் முடியுரு நாடிகளை எம்.ஆர்.ஐ. ஸ்கானில் விரைவாகப் படம் எடுப்பது பற்றி உங்கள் பத்திரிகையில் வந்ததை இரண்டு தரம் வாசித்தேன். உயிரியல் படிப்பித்தவள் என்பதால் சந்தோசம். 2 முதல் 4 மில்லிமீற்றர் அகலமுள்ள நாடி. இதயமோ துடிக்கிறது, மூச்சோடு மேலும் கீழும் போகிறது. பழைய முறையில், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் மூச்சோடு அசையும் பிரிமென்றகடு ஒரு குறித்த நிலைக்கு வரும்போது கிடைத்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுவார்கள். நேரம் இழுபட்டது அதனால்தான். இப்போது ஒவ்வொரு மூச்சிலும் இதயம் நகர்ந்த அளவைப் பார்த்துக் கணினியே திருத்திவிடுகிறது. எக்ஸ்ரே கதிர் இல்லை, சாயமருந்து ஏற்றாமலும் எடுக்கலாம். சிறுநீரக வருத்தக்காரருக்கு இது பெரிய ஆறுதல்.

ஆனால் வன்னியில் இருந்து ஒன்று சொல்லவேண்டும்.

2009 மாசியில், யுத்தத்தில், சுதந்திரபுரத்தில் செல் (எறிகணை) வெடித்துக் காயப்பட்டேன். மூன்று செல்துண்டுகள் இன்னும் வலது இடுப்புக்குள் கிடக்கின்றன. அழுத்தினால் ஒன்று பச்சையரிசி மாதிரித் தட்டுப்படும். போன வருடம் நாரிநோவுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனேன். தோட்டைக் கழற்றச் சொன்னார்கள், கொண்டை ஊசி பார்த்தார்கள், பேஸ்மேக்கர் இருக்கிறதா என்றும் கேட்டார்கள். செல்துண்டு பற்றி ஒருவரும் கேட்கவில்லை. உடுப்பு மாற்றும்போது தழும்பைக் கண்ட மகள்தான் ஓடிப்போய்ச் சொன்னாள். உடனே ஸ்கானை நிறுத்தி, எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்கள். எம்.ஆர்.ஐ. என்றாலே பெரிய காந்தம். அது எனக்குத் தெரியாததா? இத்தனை வருடம் உடம்போடு கிடந்ததை உடம்பாகவே நினைத்துவிட்டேன்.

அந்தக் காந்தம் படம் எடுக்காத நேரத்திலும் ஓயாது. ஸ்கான் எவ்வளவு கெதியாக முடிந்தாலும், இரும்பை இழுப்பது அறைக்குள் போகும்போதே தொடங்கிவிடும். எல்லாத் துண்டும் ஆபத்தில்லை, சரி. என்ன உலோகம், எங்கே கிடக்கிறது என்பதைப் பொறுத்தது. கண்ணுக்குள்ளோ முள்ளந்தண்டுப் பக்கமோ இருந்தால் கதை வேறு. இதயத்துக்குக் கிட்ட இருந்தால் நாடிப் படமே அந்த இடத்தில் கறுத்துச் சிதைந்துவிடும்.

ஆகவே, கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில், ஒவ்வாமை எழுதும் இடத்திலேயே, துண்டு எங்கே இருக்கிறது என்றும் எழுதச் செய்யுங்கள். அன்று கைக்குழந்தையாகக் காயப்பட்ட பிள்ளைகளுக்குத் தாய் சொன்னால்தான் தெரியும். என் பழைய மாணவன் ஒருவனுக்கு நெஞ்சுக்கூட்டுக்குள் ஒன்று இருக்கிறது. இப்போது நெஞ்சு இறுக்கமும் வருகிறது. போன கிழமை அவனுடைய கொப்பியை வாங்கிப் பார்த்தேன். பிரஷர் எழுதியிருக்கிறது, சீனி எழுதியிருக்கிறது. துண்டைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
விசுவமடு