ஹார்மோன் மாத்திரைக்கு ஐந்து வருடக் கெடுவா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாதவிடாய் நின்ற பிறகு வரும் உடல்சூடு, வியர்வை போன்ற சிரமங்களுக்காக ஹார்மோன் மாத்திரை எடுக்கும் பெண்களிடம், "அஞ்சு வருஷம் ஆச்சுல்ல, நிறுத்திடுங்க" என்று சொல்வது எங்கள் தோட்டப்புறங்களில் சட்டம் போல ஆகிவிட்டது. எல்லோருக்கும் பொதுவான அப்படியொரு கெடு மருத்துவத்தில் கிடையாது.

2002-இல் அமெரிக்காவின் டபிள்யூ.எச்.ஐ. என்ற பெரிய பெண்கள் நல ஆய்வின் ஒரு பகுதி பாதியில் நிறுத்தப்பட்டபோது கிளம்பிய பயம் இது. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற இரண்டு வகை ஹார்மோன்களையும் சேர்த்து எடுத்தவர்களில், ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் 8 பேருக்குக் கூடுதலாக மார்பகப் புற்று வந்தது. ஆபத்து உண்மைதான், வருடம் ஏற ஏற அதுவும் ஏறும். ஆனால் அந்தப் பெண்களின் சராசரி வயது 63. ஐம்பதில் தொடங்குபவருக்கு அதே கணக்கைப் போடுவது நியாயமில்லை. 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று 10 ஆண்டுக்குள் தொடங்கினால், வேறு தடை இல்லாத பெரும்பாலோருக்கு நன்மையே அதிகம் என்று வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் 2022-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. நாற்பதுக்கு முன்பே நின்றுபோனவர்களோ, எலும்புக்காகவும் இதயத்துக்காகவும் ஏறக்குறைய 50 வயதுவரை எடுப்பதுதான் முறை.

அதற்காக, யாரையும் கேட்காமல் வருடக்கணக்கில் ஒரே அட்டையை வாங்கிப் போடுவதும் சரியல்ல. வருடத்துக்கு ஒருமுறை இரத்த அழுத்தம் பார்த்து, மெமோகிராமை (மார்பக எக்ஸ்ரே) தவணை தப்பாமல் எடுத்து, "இன்னும் வேண்டுமா, அளவைக் குறைக்கலாமா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். வயது கூடியவர்கள் தோலில் ஒட்டும் பேட்ச் அல்லது பூசும் ஜெல்லுக்கு மாறலாமா என்றும் கேட்கலாம். மாத்திரையைவிட அவற்றில் இரத்தம் உறையும் ஆபத்து குறைவு.

அட்டையைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். சில 28 மாத்திரை அட்டைகளில் முதல் 14 ஒரு நிறம், அடுத்த 14 வேறு நிறம். முதல் பாதியில் ஈஸ்ட்ரோஜன் மட்டும். பின்பாதியில் புரோஜெஸ்டோஜனும் (புரோஜெஸ்டின் வகை ஹார்மோன்) சேரும். உதிரம் படுகிறதே என்று பின்பாதியை மட்டும் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. கர்ப்பப்பை உள்ளவர்கள் இதைச் செய்யவே கூடாது. தனி ஈஸ்ட்ரோஜனில் கர்ப்பப்பையின் உட்சவ்வு தடித்து, நாளடைவில் புற்றாகலாம். கர்ப்பப்பை எடுத்துவிட்ட அக்காவின் ஈஸ்ட்ரோஜன் மட்டுமுள்ள மாத்திரையை, கர்ப்பப்பை உள்ள தங்கை வாங்கிப் போட்டாலும் இதே கதிதான்.

நிறுத்துவதென்று முடிவானால், டாக்டர் சொல்லும்படி 2 மில்லிகிராம் ஈஸ்ட்ரோஜனை 1 மில்லிகிராம் ஆக்கி, மூன்று முதல் ஆறு மாதத்தில் இறக்கலாம். சட்டென்று விட்டால் முதல் சில வாரம் சிரமம் கூடுதலாகத் தெரியும். எப்படி நிறுத்தினாலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு உடம்பு குப்பென்று சூடேறுவதும் இரவில் வியர்த்துக் கொட்டுவதும் திரும்பி வரும். தாங்க முடியாவிட்டால் குறைந்த அளவில் மறுபடி தொடங்க வழியுண்டு. பெண்ணுறுப்பு வறட்சியும் எரிச்சலும் மட்டும் தானாகத் தீராது. அதற்கு உள்ளே வைக்கும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீமோ மாத்திரையோ போதும். அதைப் பல வருடம் தொடரலாம். மார்பகப் புற்று வந்தவர்கள் புற்றுநோய் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு, மாத்திரையால் வழக்கமாக உதிரம் படும் நாளில் அல்லாமல் ஒரு துளி உதிரம் பட்டாலும் உடனே கிளினிக்குக்குப் போக வேண்டும்.

இந்த விவரங்களைத் தமிழில் ஒரே தாளில் அச்சடித்து, அரசாங்க கிளினிக்குகளின் மருந்து கவுண்டரில் அட்டையோடு சேர்த்துக் கொடுக்கும்படி சுகாதார அமைச்சைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதியர் சிலர்,
சுங்கை சிப்புட், பேராக்