தொட்டது யார் என்ற கேள்வியும் வாள்வீச்சும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாள்வீச்சின் வரலாறு குறித்துத் தங்கள் இதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். அதிகம் பேசப்படாத இந்த விளையாட்டுக்கு அத்தனை பக்கங்கள் ஒதுக்கியமைக்கு முதலில் என் நன்றி. ஆயினும் கட்டுரை போர்க்களத்திலிருந்து இருவர் மோதும் மானச் சண்டைக்கும், அங்கிருந்து நேராக ஒலிம்பிக்குக்கும் தாவிவிடுகிறது. பல ஆண்டுகள் இவ்விளையாட்டில் நடுவராக நின்றவன் என்ற முறையில், இடையில் விடுபட்டுப் போன பகுதியே இதன் உயிர்நாடி என்று கருதுவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இன்றைய வாள்வீச்சு பிறந்த இடம் பயிற்சிக்கூடம். 1553இல் இத்தாலியில் கமில்லோ அக்ரிப்பா என்ற பொறியாளர், வாளை வெட்டுவதற்கு மட்டுமன்றிக் குத்துவதற்கும் ஏற்ற கருவியாகக் கொண்டு, கையும் காலும் நிற்க வேண்டிய நிலைகளை வடிவியல் கணக்கோடு விளக்கி, அவற்றுக்கு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என எண்களையே பெயர்களாக இட்டார். இன்றைக்கும் பயிற்சியாளர் மாணவரிடம் எண்ணைச் சொல்லித்தான் தடுப்பு நிலையைக் கேட்கிறார். அதன்பின் வாள் மெலிந்தது, எடை குறைந்தது, வேகம் கூடியது. கூரான வாளோடு தினமும் பழக முடியாதாகையால், முனையில் குமிழ் பொருத்திய மழுங்கிய பயிற்சி வாள் வழக்கத்துக்கு வந்தது. அக்குமிழ் பூமொட்டைப் போலிருந்ததால் பிரெஞ்சுக்காரர்கள் அதற்குப் பூவை ஒட்டியே பெயர் வைத்தார்கள் என்பர். நாம் ஃபாயில் என்று சொல்வது அதைத்தான்.

முகக்கவசம் பரவலாவதற்கு முன் இருவரும் ஒரே நேரத்தில் பாய்ந்தால் கண் போய்விடும். மெய்யான வாளாக இருந்தால் இருவருமே மாண்டிருப்பார்கள். ஆகவே, தாக்க வருபவருடைய வாளை முதலில் தட்டிவிட வேண்டும், அதன் பிறகே பதிலுக்குக் குத்தலாம் என்ற ஒழுங்கு ஆசான்களிடையே உருவானது. இன்று நாங்கள் முன்னுரிமை என்று குறிப்பிடும் விதி அதுவே. பார்வையாளர்கள் பலருக்கு இது விளங்காமல், தொட்டதைக் காட்டும் இரண்டு விளக்கும் எரிந்திருக்க ஒருவருக்கு மட்டும் எப்படிப் புள்ளி கொடுக்கிறார்கள் என்று கோபப்படுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். யார் முதலில் தொட்டார் என்பதோடு, தொடுகிற உரிமை அந்தக் கணத்தில் யாரிடம் இருந்தது என்பதையும் அவ்விதி கேட்கிறது. உயிருக்கு அஞ்சும் அறிவே விளையாட்டின் இலக்கணமாகிவிட்டதை எண்ணி நான் இன்றும் வியக்கிறேன்.

இந்த இலக்கணம் செயற்கையானது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சில் ஒரு சாரார் சலிப்புற்றனர். மெய்யான சண்டையில் எங்கே பட்டாலும் காயம்தானே என்று அவர்கள் வாதிட்டதன் பயனாக எப்பே என்ற வாள் வந்தது. அதில் தலை முதல் கால்வரை உடல் முழுதும் இலக்கு, முன்னுரிமை கிடையாது, இருவரும் ஒரே கணத்தில் தொட்டால் இருவருக்கும் புள்ளி. குதிரைப்படை வாளின் வழிவந்த சேபர், குத்தோடு வெட்டையும் ஏற்றுக்கொண்டது. இத்தாலிய ஆசான் இதாலோ சந்தெல்லி 1896இல் புடாபெஸ்டில் குடியேறிய பிறகு, சேபர் ஹங்கேரியின் சொத்தாகவே ஆனது. 1924 முதல் 1964 வரை ஒலிம்பிக் தனிநபர் சேபர் தங்கம் ஒருமுறைகூட அந்நாட்டை விட்டு வெளியே போகவில்லை. அலதார் கெரெவிச் என்ற வீரர் 1932இல் தொடங்கி 1960 வரை ஆறு ஒலிம்பிக்குகளில் அணித் தங்கம் வென்றார். கடைசித் தங்கத்தின்போது அவருக்கு வயது 50. இடையில் இரண்டு ஒலிம்பிக்குகளை உலகப்போர் விழுங்கியிராவிட்டால் கணக்கு எங்கே போய் நின்றிருக்குமோ!

1896இல் ஏதென்ஸில் ஃபாயிலும் சேபரும் இடம்பெற்றன என்றும், 1913இல் பாரிஸில் சர்வதேசக் கூட்டமைப்பு உருவானது என்றும் கட்டுரை சரியாகவே குறிப்பிட்டுள்ளது. ஆனால் அக்காலத்தில் தீர்ப்பு எப்படி வழங்கப்பட்டது என்பது பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. தலைமை நடுவர் ஒருவரும் துணை நடுவர் நால்வரும் வீரர்களைச் சுற்றி நின்று, இமைப்பொழுதில் நடந்து முடிவதை வெறுங்கண்ணால் பார்த்து வாக்களித்தார்கள். கண் தவறும், சில வேளைகளில் மனமும் தவறும். இந்தக் குறையைத் தீர்க்கவே மின்கருவி வந்தது. உடல் முழுதும் இலக்காக இருந்தமையால் எப்பேக்கு அது எளிதாயிற்று, 1936 பெர்லின் ஒலிம்பிக்கிலேயே பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. ஃபாயிலிலோ இலக்கு நடுவுடல் மட்டும் என்பதால் உலோக இழையால் நெய்த மேற்சட்டை தேவைப்பட்டது. 1956 மெல்பர்னில்தான் ஒலிம்பிக் ஃபாயில் மின்மயமானது. புதிய கருவி கலையைக் கெடுத்துவிடும் என்று வருந்திய பிரான்சின் கிறிஸ்தியான் தோரியோலா, அதே கருவியோடு அவ்வாண்டின் தங்கத்தையும் வென்று காட்டினார். வாளின் விளிம்பால் வெட்டுவதை உணர்த்தும் வழி எளிதில் கிட்டாமையால் சேபர் 1992 பார்சிலோனா வரை காத்திருந்தது.

கருவி வந்ததால் சூது ஒழிந்துவிடவில்லை. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில், வாள்வீச்சு உள்ளிட்ட ஐந்து விளையாட்டுகள் அடங்கிய மாடர்ன் பென்டத்லான் போட்டியில் சோவியத் வீரர் போரிஸ் ஒனிஷ்செங்கோ, தம் வாளின் கைப்பிடிக்குள் மறைத்து வைத்த விசையை அழுத்தி, எதிராளியைத் தொடாமலே விளக்கை எரிய வைத்தார். பிரிட்டனின் ஜிம் ஃபாக்ஸ், தம்மேல் வாள் படவேயில்லை என்று முறையிட்டதால் உண்மை வெளிப்பட்டது.

கட்டுரை முற்றிலும் விட்டுவிட்ட இன்னொன்று என்னை மிகவும் வருத்தியது. 1982இல் ரோமில் நடந்த உலகப்போட்டியில், 1980 ஒலிம்பிக் ஃபாயில் சாம்பியனான விளாதிமிர் ஸ்மிர்னோவ், மேற்கு ஜெர்மனியின் மத்தியாஸ் பேர் என்பவருடன் மோதுகையில், எதிராளியின் வாள் முறிந்து ஸ்மிர்னோவின் முகக்கவச வலையைத் துளைத்தது. சில நாட்களில் அவர் உயிர் பிரிந்தது. அதில் யாருடைய தீய எண்ணமும் இல்லை. வலுவான கவச வலை, எளிதில் முறியாத மாரேஜிங் எஃகு வாள், குத்தைத் தாங்கும் துணியாலான உடை ஆகிய இன்றைய பாதுகாப்பு விதிகள் அந்தச் சாவுக்குப் பிறகே இறுக்கமாயின. இன்று பயிற்சிக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையும் அணியும் கவசத்தில் அவருடைய கதை இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது.

பெண்களைப் பற்றிய பத்தியும் விரிந்திருக்க வேண்டும். 1924 பாரிஸில் பெண்கள் ஃபாயில் சேர்க்கப்பட்டது, டென்மார்க்கின் எல்லென் ஓசியர் வென்றார் என்பதோடு கட்டுரை நின்றுவிடுகிறது. எப்பே அவர்களுக்கு 1996இல்தான் திறக்கப்பட்டது, சேபரோ 2004இல். ஒரே விளையாட்டுக்குள் மூன்று வாள்களையும் ஒலிம்பிக்கில் ஏந்தப் பெண்கள் 80 ஆண்டுகள் காத்திருந்தார்கள் என்பது சிறிய செய்தி அன்று.

விதிகள் இன்னமும் மாறிக்கொண்டே இருக்கின்றன. வளையும் வாளைச் சாட்டைபோல் சொடுக்கி எதிராளியின் முதுகில் முனையைப் பதிக்கும் உத்தி ஃபாயிலில் பெருகியபோது, தொடுதல் பதிவாக முனை அழுந்தியிருக்க வேண்டிய நேரம் 2004-05இல் நீட்டப்பட்டது. சேபரில் ஒருவர் தொட்ட பின் மற்றவர் தொடுவதற்குள்ள அவகாசம் 2016இல் 120 மில்லி விநாடியிலிருந்து 170 ஆக உயர்ந்தது. 50 மில்லி விநாடி என்பது வாசிப்பவருக்கு ஒன்றுமில்லை என்று தோன்றலாம். களத்தில் நிற்பவருக்கு அது தாக்குவதா, பின்வாங்கித் தடுப்பதா என்ற முடிவையே மாற்றிவிடும்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். தங்கள் இதழின் விளையாட்டுப் பக்கத்தில் முடிவுகள் வரும்போதெல்லாம் வாள்வீச்சில் தங்கம், வாள்வீச்சில் தோல்வி என்று மட்டுமே அச்சாகிறது. ஃபாயிலா, எப்பேயா, சேபரா என்பதை ஒரு சொல் சேர்த்துக் குறிப்பிட வேண்டுகிறேன். எப்பேயில் 15-14 என்று முடியும் ஆட்டம் பொறுமையால் வென்றதாக இருக்கலாம், சேபரில் அதே எண்ணிக்கை சில நிமிடங்களுக்குள் எட்டப்பட்டிருக்கும். எந்த வாள் என்று தெரியாமல் அந்த எண்களை வைத்து ஆட்டத்தை மனக்கண்ணில் காண வாசகரால் இயலாது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
வாள்வீச்சு நடுவர் (ஓய்வு)