ரம்பத்தை விடுவித்துத் தந்தவருக்கு நன்றி

கனடாவின் நோவா ஸ்கோஷியாவில், லூனன்பர்க் பகுதியிலுள்ள எங்கள் சிறு நிலத்தில் நாங்களே நட்டு வளர்த்த பால்சம் ஃபிர் மரங்களில் ஒன்றை, ஆண்டுதோறும் கிறிஸ்துமஸுக்குக் குடும்பமாகச் சென்று வெட்டி வருவோம். ஒரு மரம் ஆளுயரத்தைத் தாண்ட ஏறத்தாழ 10 ஆண்டுகள் ஆகும். இம்முறை கணவருக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை நடந்திருந்ததால், நானும் மகளும் மட்டுமே சென்றோம்.

பாதிக்கு மேல் அறுத்த நிலையில் மரம் எங்கள் பக்கம் சாய்ந்து ரம்பத்தைக் கவ்விக்கொண்டது. இருட்டத் தொடங்கிவிட்டது, மகளுக்கோ விரல்கள் மரத்துப்போயிருந்தன. அப்போதுதான், ஐயா, சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டு, நாங்கள் அழைக்காமலேயே நீங்கள் வந்தீர்கள். தோளால் மரத்தை எதிர்ப்பக்கம் தள்ளிப் பிடித்தீர்கள். ரம்பம் தானாக விடுபட்டது. எஞ்சிய கட்டையையும் அறுத்தெடுக்க நான் குனிந்தபோது தடுத்து, பனியை விலக்கி, அடியில் பச்சையாக இருந்த கிளைகளைக் காட்டினீர்கள். அவற்றை விட்டுவைத்தால் ஒன்று மேல்நோக்கி நிமிர்ந்து மீண்டும் மரமாகும் என்று நீங்கள் சொல்லித்தான் அறிந்தோம். அடிப்பகுதி முன்பக்கம் இருக்கும்படி மரத்தைக் காரின்மேல் கட்டிவிட்டு, பெயர்கூடச் சொல்லாமல் சென்றுவிட்டீர்கள்.

1917-இல் தன் தலைநகர் ஹாலிஃபாக்ஸில் நடந்த பெரும் வெடிவிபத்தின்போது உதவிய அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்கு இன்றும் ஆண்டுதோறும் ஒரு மரத்தை நன்றியாக அனுப்பும் மாகாணம் இது. நீங்கள் காட்டிய கிளைகளில் ஒன்றில் மகள் சிவப்பு நாடா கட்டியிருக்கிறாள். அது மரமாகும்போது உங்களுக்குத்தான். அவரை அறிந்தவர்கள் இதைத் தயவுசெய்து அவரிடம் சேர்த்துவிடுங்கள்.