புளியமரத்துத் தூர் வெளியே வந்துவிட்டது

பேராவூரணி
2021 ஆகஸ்ட் கடைசி

அன்புள்ள மாப்பிள்ளை,

இங்கே எல்லோரும் சுகம். சித்திரையில் நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன், கோபப்படாதே. கிணற்றடிப் புளியமரத்தின் தூரை, அந்த அடிக்கட்டையை, வேரோடு எடுத்துவிட்டோம். இதை போனில் சொல்ல மனசு வரவில்லை.

கஜா புயலில் முறிந்ததை மரவியாபாரி தரையோடு அறுத்துக்கொண்டு போனது உனக்குத் தெரியும். அப்புறம் தூரில் துளிர் விட்டது, அதை விட்டுவிடு என்று நீ சொன்னதும் நினைவிருக்கிறது. ஆனால் மகளுக்கு வீடு கட்ட வேறு இடம் இல்லை. தூர் உள்ளே மக்கினால் தரை உள்வாங்கும், கரையானும் ஏறும்.

முதலில் வந்து பார்த்தவர், பெரிய ஹிட்டாச்சி இல்லாமல் நடக்காது என்று சொல்லிவிட்டார். அது நம் வாய்க்கால் பாலத்தில் ஏறுமா? கடைசியில் ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பையன் சின்ன ஜேசிபியோடு வந்தான். வண்டியைப் பார்த்ததுமே மீசைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். உனக்குத்தான் அவரைத் தெரியுமே.

பையன் வந்ததும் பக்கெட்டை இறக்கவில்லை. கடப்பாரையை வாங்கிக்கொண்டு தூரைச் சுற்றிச் சுற்றிக் குத்திப் பார்த்தான். வேர் ஓடுகிற திசையெல்லாம் சுண்ணாம்பால் கோடு போட்டான். "தூரைப் புடிச்சு இழுக்கக் கூடாதுய்யா. அதைப் புடிச்சிருக்கிறதை ஒண்ணொண்ணா விடுவிக்கணும்" என்றான். எனக்கு அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது.

ஆறடி தள்ளி வட்டமாக, நாலடி ஆழத்துக்குப் பள்ளம் எடுத்தான். விரல் பருமன், மணிக்கட்டுப் பருமன் வேரெல்லாம் பக்கெட் பல்லிலேயே அறுந்தன. தொடைப் பருமனில் ஐந்து வேர்கள். ஒன்றில் பல்லை மாட்டித் தூக்கிப் பார்த்தான். வேர் அசையவில்லை, வண்டியின் முன்சக்கரங்கள்தான் ஒரு முழம் மேலே எழும்பின. உடனே பக்கெட்டைத் தளர்த்தி இறக்கினான். வீம்பு பிடிக்காமல் விட்டான் பார், அதுதான் தொழில். வண்டி சின்னதாக இருந்தால் ஆழம் பார்த்துத்தான் கை வைக்க வேண்டும்.

அப்புறம் அந்த ஐந்து வேர்களையும் கையால் மண் வழித்து, தண்ணீர் விட்டுக் கழுவினோம். மண்ணோடு அறுத்தால் மரம் அறுக்கும் மெஷினின் சங்கிலி மழுங்கிவிடும். ஒவ்வொன்றையும் இரண்டு இடத்தில் அறுத்து, நடுத்துண்டை எடுத்தோம். சாயங்காலம் மோட்டாரைப் போட்டுப் பள்ளத்தில் தண்ணீர் நிரப்பிவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் காலையில் மண் களி மாதிரி இளகிக் கிடந்தது. ஒரு பக்கம் மட்டும் அடியில் குடைந்துகொண்டே போய், பக்கெட்டை எதிர்ப்புறம் உச்சியில் மாட்டிச் சாய்த்தான். தரையோடு அறுத்ததால் பிடிமானமே இல்லை, இரண்டு தடவை வழுக்கியது. நாலடி மரத்தை விட்டு அறுத்திருந்தால் அதுவே நெம்புகோலாக இருந்திருக்கும், ஒரே நாளில் முடிந்திருக்கும். மூன்றாம் தடவை உள்ளே எங்கோ பாய் கிழிகிற மாதிரி ஒரு சத்தம். ஆணிவேர் விட்டுவிட்டது. தூர் மெதுவாக ஒருக்களித்துப் படுத்தது. யாரும் பேசவில்லை, மாப்பிள்ளை. மீசைக்காரர் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

தூக்கித் தூக்கிப் போட்டு மண்ணை உதறும்போது வேர் இடுக்கில் ஒரு லாடம் தெரிந்தது. பாதியை வேர் விழுங்கியிருந்தது. உங்கப்பா மாடுகளைச் சாய்த்து லாடம் கட்டியது அங்கேதானே. அந்தத் துண்டை மட்டும் தனியாக அறுத்து உனக்காக வைத்திருக்கிறேன். மிச்சத்தில் ஒரு வட்டை கறிக்கடை பாய் கட்டைக்கு எடுத்துக்கொண்டார், மற்றது விறகு. பள்ளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மண் போட்டு, தண்ணீர் விட்டு இடித்து மூடியாயிற்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் அமரட்டும், தையில் கடைக்கால்.

சரி, இப்போது உன் விஷயம். பையனிடம் மிச்ச நேரம் இருந்ததால் என் தோப்பில் 14 தென்னந்தூர்களையும் எடுக்கச் சொன்னேன். தென்னைக்கு ஆணிவேர் கிடையாது, எல்லாம் சல்லிவேர்தான். ஒன்றுக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனால் உள்ளே பார்த்ததுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. மக்கிய தூருக்குள் கட்டைவிரல் பருமனில், வெள்ளை வெளேரென்று சுருண்டு கிடக்கின்றன, தென்னங்குருத்தைக் குடையும் காண்டாமிருக வண்டின் புழுக்கள். ஒரே தூரில் 23 எண்ணினேன். கோழிகள் ஓடி வந்து கொத்தித் தீர்த்தன.

கஜாவுக்குப் பிறகு நான் வைத்த கன்றுகளில் ஒன்பது குருத்து போய்விட்டது. ஓலை விரிந்தால் விசிறியைக் கத்தரித்த மாதிரி வெட்டு. வேப்பம் புண்ணாக்கும் மணலும் கலந்து குருத்து இடுக்கில் போடுகிறேன், வண்டை வாசனையால் இழுத்துப் பிடிக்கிற இனக்கவர்ச்சிப் பொறியும் கட்டியிருக்கிறேன். ஆனால் வரப்புக்கு அந்தப்பக்கம் உன் தோப்பில் 40 தூர்கள் மக்கிக்கொண்டிருக்கின்றன. நான் பத்துப் பிடித்தால் அங்கிருந்து இருபது வருகின்றன. நீ சென்னையில் இருந்துகொண்டு பார்க்கலாம், பார்க்கலாம் என்கிறாய். எனக்கு நிஜமாகவே வருத்தம். உன் கன்றுகளும்தான் சாகின்றன.

மணிக்கு 1,000 ரூபாய், பத்து மணி நேரம் போதும். நீ வர வேண்டாம், நான் நின்று பார்த்துக்கொள்கிறேன். மழை பிடித்தால் தோப்புக்குள் வண்டி இறங்காது, அதனால் புரட்டாசிக்குள் முடிக்க வேண்டும். எடுத்த தூர்களை எரித்துவிடலாம். வடக்கு மூலையில் பட்டுப்போன அந்த மாமரத்தை மட்டும் யாருக்கும் அறுக்கக் கொடுத்துவிடாதே. கொடுத்தாலும் நாலடி விட்டு அறுக்கச் சொல்.

பையன் நம்பரை உன் தங்கையிடம் கொடுத்திருக்கிறேன். சரி என்று ஒரு வார்த்தை சொல், திங்கட்கிழமையே வரச் சொல்கிறேன்.

உன் அன்பு மச்சான்