சென் ஷொட்ஸ் கரையில் ஒரு பலகை

கனடாவின் வரலாற்றுத் தலங்கள், நினைவுச்சின்னங்கள் சபைக்கும், தேசியப் பூங்காக்களையும் வரலாற்றுத் தலங்களையும் நிர்வகிக்கும் அரசு நிறுவனமான பார்க்ஸ் கனடாவுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சபையினருக்கு,

வணக்கம். ஒரு நிகழ்வு நடந்து 40 ஆண்டுகளாவது கழிந்திருந்தால்தான் அதைத் தேசிய வரலாற்று நிகழ்வாக அறிவிப்பது பற்றிப் பரிசீலிப்பீர்கள் என்பது உங்கள் விதி. நியாயமான விதிதான். அன்றைய கூச்சல் அடங்கவும், பூட்டிய கோப்புகள் திறக்கவும் அவ்வளவு காலம் வேண்டியிருக்கிறது. 1986 ஆகஸ்ட் 11 அன்று, நியூபவுண்ட்லாந்தின் தென்கரையை ஒட்டிய கடலில், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 இலங்கைத் தமிழர்கள் மீட்கப்பட்டார்கள். 2026 ஆகஸ்ட் 11ஆம் நாளோடு அதற்கு 40 ஆண்டுகள் நிறைகின்றன. அந்த மீட்பைத் தேசிய வரலாற்று நிகழ்வாக அறிவியுங்கள். அந்தக் கடலை ஒட்டிய சிற்றூரான சென் ஷொட்ஸின் கரையில் உங்கள் வெண்கலப் பலகையை நாட்டுங்கள். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

இங்கே பிறந்து வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கே இந்தக் கதை அரைகுறையாகத்தான் தெரியும் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கலவரத்துக்கும் போருக்கும் தப்பி மேற்கு ஜெர்மனியில் தஞ்சம் கேட்டிருந்தவர்கள் அவர்கள். அங்கே நிலைக்க முடியாது என்ற அச்சத்தில் பணம் கொடுத்து ஒரு சரக்குக் கப்பலில் ஏறினார்கள். கப்பல் அவர்களைக் கரைக்குக் கொண்டுவரவில்லை. கடலிலேயே இரண்டு படகுகளில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. குளிரிலும் மூடுபனியிலும் நாட்கணக்கில் மிதந்தவர்களைக் கண்டது ஒரு மீன்பிடிப் படகின் கப்டனான கஸ் டால்டன். அவர்கள் யார், எந்த நாட்டவர், என்ன காகிதம் வைத்திருக்கிறார்கள் என்ற கேள்விகளெல்லாம் அதன் பிறகு வந்தவை. சென் ஜோன்ஸ் நகரில் மெமோரியல் பல்கலைக்கழக விடுதியில் தங்கவைக்கப்பட்ட அவர்களில் பெரும்பாலோர் சில நாட்களில் மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் போய்ச் சேர்ந்தார்கள்.

இதில் தேசிய முக்கியத்துவம் என்ன என்று உங்கள் ஆய்வாளர்கள் கேட்பார்கள். கனடாவில் தமிழர் தொகை பெருகிவிட்டது என்பதை நான் காரணமாகச் சொல்லப்போவதில்லை. அது வாக்குச் சேகரிப்பவர்களின் கணக்கு. என் காரணம் சட்ட வரலாற்றில் இருக்கிறது. 1985 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சிங் வழக்கில், அகதிக் கோரிக்கையாளர் தம் கதையை நேரில் சொல்ல உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. மறு ஆண்டு கோடையில் இந்தப் படகுகள் வந்தன. அரசு அவர்களுக்குத் தங்கி வேலை செய்ய அனுமதி கொடுத்தது. அகதிகளுக்கு ஆற்றிய பணிக்காக அதே 1986இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் நான்சன் பதக்கம் கனடிய மக்கள் அனைவருக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஜூலையில் நோவா ஸ்கோஷியாவின் சார்ல்ஸ்வில் கரையில் 174 பேர், பெரும்பாலும் சீக்கியர்கள், வந்திறங்கினார்கள். இந்த முறை கோடை விடுமுறையில் இருந்த நாடாளுமன்றம் அவசரமாகக் கூட்டப்பட்டுக் கடுமையான சட்டம் முன்வைக்கப்பட்டது. 1989இல், அகதிக் கோரிக்கைகளை விசாரிக்கும் குடிவரவு, அகதிகள் சபை பிறந்தது. நான்கே ஆண்டுகளில் இந்த நாட்டின் மனமும் சட்டமும் இத்தனை திருப்பங்களைக் கண்டன. அந்தத் திருப்பங்களின் நடுவில் நிற்கிறது சென் ஷொட்ஸ்.

வன்கூவர் துறைமுகத்தில் இரண்டு மாதம் நிறுத்திவைக்கப்பட்ட கோமகதா மாரு கப்பலை நீங்கள் ஏற்கெனவே தேசிய வரலாற்று நிகழ்வுகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறீர்கள். 1914இல் இந்தியக் குடியேறிகளுடன் வந்த கப்பல் அது; 376 பேரில் 24 பேர் மட்டுமே இறங்கவிடப்பட்டார்கள். திருப்பி அனுப்பியதைப் பதிவு செய்த சபை, ஏற்றுக்கொண்டதையும் பதிவு செய்யலாம் அல்லவா? (2010இல் 492 தமிழர்களுடன் வந்த சன் சீ கப்பலையும், வந்தவர்கள் மாதக்கணக்கில் தடுத்துவைக்கப்பட்டதையும் பற்றி 2050இல் வேறு யாராவது உங்களுக்கு மடல் எழுதுவார்கள்.)

பலகை கிடைத்தால் போதும் என்று நான் நினைக்கவில்லை. அதில் என்ன எழுதப்போகிறீர்கள் என்பதில்தான் என் கவலை. புனித லோரன்ஸ் ஆற்றிலுள்ள குரோஸ் ஈல் தீவில் உங்கள் நிறுவனத்துக்கு நேர்ந்தது நினைவிருக்கும். 1847இல் பஞ்சத்துக்குத் தப்பிக் கப்பலேறி வந்து, நோயால் இறந்த ஐரிஷ் மக்கள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் புதைக்கப்பட்ட தீவு அது. 1990களின் தொடக்கத்தில் அதைக் குடிவரவின் நம்பிக்கைக் கதையாகக் காட்டத் திட்டமிட்டீர்கள். ஐரிஷ் வம்சாவளியினர் பொங்கி எழுந்தார்கள். 1996இல் ஐரிஷ் நினைவிடம் என்பது தலத்தின் பெயரிலேயே சேர்ந்தது. சாவை நம்பிக்கை என்று பெயர் மாற்ற அவர்கள் சம்மதிக்கவில்லை.

எங்கள் விஷயத்தில் ஆபத்து வேறு விதமாக வரும். கருணை மிக்க மீனவர், நன்றியுள்ள அகதிகள், தாராள மனம் கொண்ட நாடு என்று மூன்று வரியில் முடித்துவிட எல்லாருக்கும் ஆசை இருக்கும். எங்கள் சங்கங்களுக்குத்தான் அந்த ஆசை எல்லாரையும்விட அதிகம் என்று அஞ்சுகிறேன். ஆனால் கரையேறியவர்கள் முதலில் தாங்கள் இந்தியாவிலிருந்து வந்ததாகச் சொன்னார்கள். சில நாட்களிலேயே அது பொய்யென்று தெரிந்தது. அனுதாபம் காட்டியவர்களில் பலர் கொதித்தார்கள். திருப்பி அனுப்பு என்ற குரல்கள் எழுந்தன. விழாக்களில் எங்களவர்கள் வேகமாகத் தாண்டிப் போகும் இடம் இது. பலகையில் இது இருக்க வேண்டும். ஜெர்மனியிலிருந்து வந்தோம் என்றால் அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தவர்கள் சொன்ன பொய் அது. அதைத் தெரிந்துகொண்ட பிறகும் அரசு தன் அனுமதியைத் திரும்பப் பெறவில்லை. அதை மறைத்துவிட்டால், அந்த முடிவு எவ்வளவு கடினமானது என்பதும் மறைந்துபோகும். பார்க்ஸ் கனடா 2019இல் வெளியிட்ட வரலாறும் நினைவுகூரலும் பற்றிய கொள்கை ஆவணம், பல தரப்புப் பார்வைகளுக்கும் கசப்பான பக்கங்களுக்கும் இடம் தருவதாகச் சொல்கிறது. அந்த வாக்கை இங்கே சோதித்துப் பார்க்கலாம்.

பலகையை, தமிழர்கள் நிறைய வாழும் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வைக்கச் சொல்லி யாராவது யோசனை கூறுவார்கள். கேட்காதீர்கள். சென் ஷொட்ஸ் நூறு பேர்கூட இல்லாத ஊர்தான். ஆனால் கப்பல்கள் உடைந்து மடிந்த கரை என்று மாலுமிகளிடையே பெயர் பெற்ற இடம். டைட்டானிக்கின் அபாய அழைப்பைக் கேட்ட கேப் ரேஸ் அதே தென்கரையில் இருக்கிறது. அங்குள்ள கலங்கரை விளக்கம் உங்கள் தேசியத் தலங்களில் ஒன்று. சுமார் 56 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய உயிர்களின் தடங்களைப் பாறையில் காட்டும், யுனெஸ்கோ பட்டியலிலுள்ள மிஸ்டேக்கன் பொயின்ற்றும் அப்பக்கமே. அவற்றைப் பார்க்க வருகிறவர்கள் இந்தப் பலகையையும் படிப்பார்கள்.

இன்னொன்று. அந்தக் கடலோரத்து மீனவர்களின் கதை 1986இல் முடியவில்லை. 1992 ஜூலையில் மத்திய அரசு வடக்கு கோட் என்ற மீனைப் பிடிக்கத் தடை விதித்தது. மீன் வளம் அடியோடு சரிந்திருந்தது. சுமார் 30,000 பேர் பிழைப்பை இழந்தார்கள், ஊர்கள் காலியாயின. அகதிகளைக் கரைசேர்த்த கடலோரத்து மக்களே பிழைப்புத் தேடிப் பிறந்த ஊரை விட்டுப் போனார்கள். எங்களை மீட்டவர்கள் என்ற ஒரே பாத்திரத்தில் அவர்களை உறையவைப்பது அநியாயம். பலகைக்கு அருகே ஒரு விளக்கப் பதாகை வையுங்கள். அதில் கோட் மீனும் தடையும் வரட்டும். எழுதும்போது அவர்களைக் கேட்டு எழுதுங்கள்.

பலகையின் வரிகள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இருப்பது வழக்கம். பூர்வகுடி மக்களின் மொழிகளுக்கும் இடமளித்திருக்கிறீர்கள். இதில் தமிழும் வேண்டும்.

கடைசியாக அவசரமான ஒன்று. நீங்கள் வழங்கும் அங்கீகாரம் எதையும் சட்டப்படி காப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். அந்தக் குறையை ஓரளவு சரிசெய்ய முயன்ற மசோதாவும் 2025 ஜனவரியில் நாடாளுமன்றக் கூட்டத்தொடர் முடித்துவைக்கப்பட்டபோது காலாவதியானது. ஆகவே பலகைக்கு முன்பே சாட்சியங்கள் வேண்டும். அன்று 25 வயதில் படகில் இருந்தவருக்கு இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. கயிறு வீசி அவரைத் தூக்கிய கைகள் அதைவிட மூத்தவை. ஒரு நிகழ்வை அறிவிக்கக் கோரும் விண்ணப்பத்தை யாரும் அனுப்பலாம். அதை நாங்கள் தயாரிப்போம். ஆய்வறிக்கை எழுத நீங்கள் நியமிக்கும் வரலாற்றாளர் ஒலிப்பதிவுக் கருவியோடு முதலில் சென் ஷொட்ஸ் போகட்டும். பிறகு, தமிழ் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு, மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் வரட்டும்.

இப்படிக்கு,
ரொறன்ரோவில் வாழும் ஒரு தமிழ்க் குடிமகள்