சால்வைப் படம் போதும், கணக்கைப் போடுங்கள்

ஆசிரியருக்கு,

எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. தரப்பில் மாதந்தோறும் நான்கு பக்க நோட்டீஸ் வீடு வீடாக வருகிறது. நல்ல பழக்கம்தான். ஆனால் பிரித்தால் காதணி விழா, கும்பாபிஷேகம், நடுநடுவே பூமி பூஜை. போன மாதம் எண்ணிப் பார்த்தேன்: 17 படங்கள், சால்வை இல்லாதது இரண்டே இரண்டு.

தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். அதில் எந்தத் தெருவுக்குக் கால்வாய், எந்தப் பள்ளிக்கு வகுப்பறை, மதிப்பீடு எவ்வளவு, வேலை எதுவரை வந்திருக்கிறது? ஒரு வரி இல்லை. எங்கள் தெருமுனையில் பூமி பூஜை போட்ட ரேஷன் கடை இடுப்பளவு சுவரோடு நிற்கிறது. பூஜைப் படம் மட்டும் வண்ணத்தில் வந்தது. பாலாற்றில் கலக்கும் தோல் தொழிற்சாலைக் கழிவைப் பற்றிச் சட்டசபையில் கேட்டாரா, அமைச்சர் என்ன சொன்னார் என்பதும் தெரியாது.

எம்.எல்.ஏ.விடம் மனு கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்கள், திங்கட்கிழமை குறைதீர் நாளில் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசுக்கு பஸ் ஏறுகிறார்கள். வந்த மனு இத்தனை, முடிந்தது இத்தனை, முடியாததற்குக் காரணம் இது என்று கடைசிப் பக்கத்தில் அச்சிடலாமே. இப்போது அங்கே பிறந்தநாள் வாழ்த்து விளம்பரம் வருகிறது.

– ஒரு வாசகர், வேலூர் மாவட்டம்